நின்றே கெடும் வண்டி

கெடாவில் டிரேலர் என்றால் பெரியவர்களுக்கு ஒன்றுதான் நினைவுக்கு வரும்: டிராக்டருக்குப் பின்னால் செம்பனைக் குலைகளைச் சுமந்துகொண்டு செம்மண் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போகும் இரும்புத் தொட்டி. பீடோங், கோலா கெட்டில், பாடாங் செராய் பக்கத் தோட்டங்களில் அதற்கு ஓய்வு கிடையாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் டிரைவர் இணைப்புப் பின்னைத் தட்டிப் பார்ப்பார், கிரீஸ் அடிப்பார், டயரை உதைத்துப் பார்ப்பார். யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித்தந்ததல்ல. வண்டி நின்றுபோனால் குலைகள் பாதையோரம் கிடந்து வீணாகும், ஏச்சு வாங்க வேண்டியிருக்கும் என்ற பயம் கற்றுக்கொடுத்தது.

அதே தோட்டத்துக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் வேலை பார்க்கிறார்கள். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு கேரவன் டிரேலர் மீது சிலருக்கு ஆசை வருகிறது. உள்ளே மெத்தை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. பள்ளி விடுமுறையில் சுங்கை செடிம் ஆற்றோரம், இல்லையென்றால் பந்தாய் மெர்டேக்கா கடலோரம். மற்ற நாளெல்லாம் அது வீட்டு வாசலில் வெயிலிலும் மழையிலும் நிற்கும்.

எது அதிக ஆபத்தானது? பலர் தோட்டத்து வண்டியைக் காட்டுவார்கள். நான் வாசலில் நிற்கும் வண்டியைத்தான் சொல்வேன். தினமும் ஓடும் வண்டி தன் குறையைத் தினமும் சொல்லிவிடும். ஒரு சத்தம், ஒரு ஆட்டம், சூடேறிய ஒரு சக்கரம் என்று ஏதாவது ஒன்று காட்டிக்கொடுக்கும். நிற்கும் வண்டி மாதக்கணக்கில் கெட்டு, நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகும்போதுதான் வாயைத் திறக்கும்.

டயரிலிருந்து தொடங்கலாம். ரப்பர் மரத்தை நம்பிப் பிழைத்த மண்ணில் இதைச் சொல்வதற்குச் சற்றுக் கூச்சமாகவும் இருக்கிறது. பால்மரத்துப் பால் என்பது ஐசோப்ரீன் என்ற சிறு மூலக்கூறு ஆயிரக்கணக்கில் கோத்து நீண்ட சங்கிலி. 1839-இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கியபோது அந்தச் சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பாலங்கள் விழுந்தன. ஒட்டும் பாலாக இருந்தது உழைக்கும் பொருளாயிற்று. ஆனால் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு மிச்சமிருக்கிறது. காற்றில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் ஓசோன் அந்த இடத்தைத்தான் வெட்டும். அதுவும் இழுபட்டு நிற்கும் ரப்பரை மட்டுமே விரிசல் விடச் செய்யும். தளர்ந்து கிடக்கும் ரப்பரை அவ்வளவாகத் தொடாது.

நிறுத்தி வைத்த டிரேலரின் டயரைக் குனிந்து பாருங்கள். தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று மேலே பக்கச் சுவர் பிதுங்கி நிற்கும். அதுதான் இழுபட்ட ரப்பர். ஓடும் வண்டியில் அந்த இடம் நொடிக்கு நொடி மாறிவிடும். நிற்கும் வண்டியில் மாதக்கணக்கில் ஒரே இடம்தான். இன்னொன்றும் உண்டு. ஓசோனைத் தடுப்பதற்கென்றே டயர் செய்பவர்கள் ரப்பரில் ஒருவகை மெழுகும் வேதிப்பொருளும் கலக்கிறார்கள். டயர் வளைந்து நெளிந்து ஓடும்போதுதான் அது நன்றாக மேலே கசிந்து வந்து புதுப்படலமாகப் பரவும். ஓடாத டயருக்கு அந்தக் கவசமும் குறைவு. இதோடு கெடாவின் வெயிலைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே டிரேலர் டயரில் பள்ளக் கோடுகள் ஆழமாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. தேய்வதற்கு முன்பே அதற்கு வயதாகிவிடும். வயது டயரிலேயே அச்சாகியிருக்கிறது. பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3519 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்தது. ஐந்து ஆண்டு ஆனதும் ஆண்டுதோறும் ஆளை வைத்துச் சோதிக்கவும், பத்து ஆண்டு ஆனால் பார்வைக்கு எப்படி இருந்தாலும் கழற்றிவிடவும் பெரிய டயர் நிறுவனங்கள் சொல்கின்றன. வாசல் வெயிலில் நிற்கும் டிரேலருக்குப் பத்து வரை காத்திருப்பது கஞ்சத்தனம் என்பது என் எண்ணம். பழைய டிரேலர் வாங்கப் போகிறவர்கள் மெத்தையையும் திரைச்சீலையையும் பார்ப்பதற்கு முன் இந்த நான்கு இலக்கத்தைப் பார்க்க வேண்டும். ஸ்பேர் டயரிலும் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் வண்டியோடு பிறந்ததாகவே இருக்கும்.

நீண்ட நாள் நிறுத்துவதென்றால் அச்சுக்குக் கீழே முட்டுக் கொடுத்து, டயரின் மேல் உள்ள பாரத்தைக் குறைத்து, சக்கரத்தை வெயில் படாமல் மூடி வையுங்கள். காற்றழுத்தத்தைப் புறப்படும் முன், டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். சூடு 10 டிகிரி ஏறினால் அழுத்தம் ஒன்றரை, இரண்டு பிஎஸ்ஐ கூடும், அது இயற்கை. வழியில் சூடான டயரில் அளவு அதிகமாகக் காட்டுகிறதென்று காற்றைத் திறந்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் டயரைத் தேவைக்குக் குறைவான அழுத்தத்தில் ஓடவிடுகிறார்கள். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக நெளியும், நெளிந்தால் சூடேறும், சூடேறினால் உள்ளிருக்கும் அடுக்குகள் பிரியும். டயர் வெடித்தது என்று நாம் சொல்வதன் பின்னால் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

சக்கரத்தின் நடுவில் உள்ள பேரிங்குக்கும் நிற்பதே நோய். உருளைகள் ஒரே இடத்தில் அழுந்தி நிற்க, கிரீஸ் மெல்ல வடிந்து போக, ஈரக்காற்று நுழைந்து அந்தத் தொடுமிடத்தில் துருப்புள்ளி வைக்கும். அடுத்த பயணத்தில் அந்தப் புள்ளிதான் அரைக்கும். ஓடிச் சூடான சக்கரத்தோடு ஆற்றுநீரில் இறங்குவது இன்னும் கெடுதல். சக்கரத்தின் நடுக்குடம் சட்டென்று குளிர, உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, அடைப்பு வளையத்தைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆண்டுக்கு ஒருமுறையாவது பேரிங்கைக் கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். பயணத்தில் ஒரு எளிய சோதனை: சுங்கை பட்டாணியில் புறப்பட்டு கூரூன் ஓய்விடத்தில் நிறுத்தும்போது புறங்கையை ஒவ்வொரு சக்கர நடுவிலும் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் கொதித்தால் அங்கேயே பயணத்தை நிறுத்திவிடலாம். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் 80 முதல் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்குமானியால் இறுக்க வேண்டும். புது வண்ணப்பூச்சும் துருத் துணுக்கும் அழுந்தி அடங்கும்போது நட்டு தளர்ந்துவிடும்.

இனி பாரம். இங்கேதான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். இங்கேதான் இயற்பியலும் மிகச் சுவையாக இருக்கிறது.

மாட்டுவண்டி ஓட்டியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வார்கள். பின்பாரம் கூடினால் ஏர்க்கால் மேலே எழும்பி மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும். காருக்குப் பின்னால் போகும் டிரேலரிலும் அதேதான் நடக்கிறது, மணிக்கு 90 கி.மீ. வேகத்தில். பின்பாரம் காரின் வாலைத் தூக்குகிறது. காரின் பின்சக்கரங்கள் சாலையில் பிடிப்பை இழக்கின்றன. அப்போது பக்கத்தில் ஒரு பெரிய லோரி கடந்து போனால் போதும். கூரூனுக்கும் அலோர் ஸ்டாருக்கும் நடுவே வயல்வெளியைத் தாண்டி வரும் பக்கக்காற்றும் போதும். டிரேலர் பாம்பு போல் நெளியத் தொடங்கும்.

ஏன் நெளிகிறது? பக்கவாட்டில் தள்ளப்பட்ட டிரேலரைத் திரும்ப நேர்க்கோட்டுக்குக் கொண்டுவருவது அதன் டயர்கள் தரும் பக்கவிசை. அதே விசைதான் ஆட்டத்தை அடக்கவும் செய்கிறது. ஆனால் அடக்கும் திறன் வேகம் கூடக் கூடக் குறையும். வேகத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்றே சொல்லலாம். ஆகவே ஒவ்வொரு டிரேலருக்கும் ஒரு எல்லை வேகம் உண்டு. அதற்குக் கீழே எந்த ஆட்டமும் தானே அடங்கிவிடும். அதற்கு மேலே சின்ன ஆட்டமும் வளர்ந்துகொண்டே போகும், சில நொடிகளில் கை மீறும். பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் பாரத்தை இடம் மாற்றி வைக்கக்கூடிய டிரேலர் ஒன்றைச் செய்து இதைச் சாலையில் சோதித்தார்கள். மொத்த எடையைவிட, எடை எங்கே இருக்கிறது என்பதுதான் அந்த எல்லையைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

இதில் இரண்டு காரியம் இருக்கிறது. முதலாவது, எடையின் மையம் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியில் அழுந்த வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். ஐரோப்பியர்கள் இதைவிடக் குறைவாக வைப்பார்கள். அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. சக்கரங்களுக்கு அடைகட்டை வைத்து, குளியலறை எடைக்கருவியின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, அதன் தலையில் கொக்கி முனையை இறக்கினால் எடை தெரிந்துவிடும். 800 கிலோ டிரேலருக்கு 80 கிலோ. ஓர் ஆள் கனம்தான். அந்த எடையைத் தாங்கும் அளவு உங்கள் காருக்கு இருக்கிறதா என்பதைக் காரின் கையேட்டில் பாருங்கள். இழுவை அளவே எழுதப்படாத கார், இழுப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. கொக்கியை எந்தப் பட்டறையிலும் பற்றவைத்துக்கொள்ளலாம் என்பதால் கார் பலசாலி ஆகிவிடாது.

இரண்டாவது, கனமான பொருளை இரு ஓரத்திலும் வைக்கக் கூடாது. முன்னால் பாட்டரி, பின்னால் சைக்கிளும் தண்ணீர்த் தொட்டியும் என்று வைத்தால் தராசு சரியாகத்தான் இருக்கும். ஆனால் சுழற்சியில் எடையின் வேலை தூரத்தின் வர்க்கத்தில் கூடும். நடுவிலிருந்து 3 மீட்டர் தள்ளி வைத்த 20 கிலோ, 1 மீட்டரில் வைத்ததைவிட 9 மடங்கு பிடிவாதமாக ஆடும். பாரமெல்லாம் அச்சின் மேல், தரையோடு தரையாக. 100 லிட்டர் தொட்டி என்றால் 100 கிலோ. ஆற்றங்கரைக்குப் போகும் ஒருவர் வீட்டுக் குழாய்த் தண்ணீரை அவ்வளவு தூரம் சுமந்துபோக வேண்டுமா என்றும் யோசிக்கலாம்.

ஆடத் தொடங்கிவிட்டால்? காலை ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து மெல்ல எடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். எதிர்த் திசையில் திருப்பித் திருப்பி அடக்கப் பார்த்தால் உங்கள் கையே ஆட்டத்துக்குத் தாளம் போடும். பிரேக்கை ஓங்கி மிதித்தால் பின்னால் வரும் எடை காரைத் தள்ளி மடக்கிவிடும். வேகம் கூட்டினால் இழுபட்டு நேராகிவிடும் என்று காப்பிக் கடையில் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள். நெடுஞ்சாலையில் 110 என்று எழுதிய பலகை தனிக் காருக்கானது. 80-இல் போகும் வண்டியின் இயக்க ஆற்றலோடு ஒப்பிட்டால் 110-இல் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு.

கொக்கியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. காரில் உள்ள உருண்டை சில நாட்டு வழக்கில் 50 மில்லிமீட்டர், சில நாட்டு வழக்கில் 2 அங்குலம், இன்னும் சிறிய 1⅞ அங்குல உருண்டையும் கடைகளில் உண்டு. பெரிய வாயில் சிறிய உருண்டை மாட்டிக்கொண்டது போலவே தோன்றும், பள்ளத்தில் விழும்போது துள்ளி வெளியே வந்துவிடும். மாட்டிய பிறகு முன்கால் ஜாக்கியால் முனையை மேலே தூக்கிப் பாருங்கள்; காரின் பின்புறமும் சேர்ந்து எழுந்தால் பிடித்திருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டினால், கழன்றாலும் முனை தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் தங்கும்.

இறக்கத்தைப் பற்றிச் சொல்ல குனோங் ஜெராயை எடுத்துக்கொள்வோம். 1,217 மீட்டர் உயரம். அந்த வளைவுகளில் டிரேலரை இழுத்துப் போகச் சொல்லவில்லை, கணக்குக்கு மட்டும். 1,500 கிலோ காரும் 800 கிலோ டிரேலரும் 1,000 மீட்டர் கீழே இறங்கினால் 2 கோடியே 25 லட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது போய்ச் சேர வேண்டும். அது 75 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு. காரின் பிரேக் தட்டுகள் நான்கும் சேர்ந்து 30 கிலோ என்று வைத்து, காற்று குளிர்விக்காது என்று கணக்குப் போட்டால் விடை வார்ப்பிரும்பு உருகும் வெப்பத்தைத் தாண்டிப் போகிறது. உண்மையில் காற்றும் என்ஜினும் பங்கு எடுத்துக்கொள்கின்றன. அந்தப் பங்கை என்ஜினுக்குக் கொடுப்பதுதான் கீழ் கியர். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய லோரி டிரைவர்கள் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு.

பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. புதிய டாட் 3 எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு 230-உம் 155-உம். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் வரும், பெடல் காற்றை மிதித்தது போல் அடிவரை போகும். நம் நாட்டு ஈரத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவது வீண் செலவு அல்ல. ஐரோப்பாவில் 750 கிலோவைத் தாண்டிய டிரேலருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். இங்கே எதற்கு என்ன விதி, எந்த லைசென்ஸ் வேண்டும், புஸ்பாகோம் போன்ற நிலையத்தில் சோதனை தேவையா என்பதை வாங்கிய பிறகு அல்ல, முன்பணம் கொடுக்கும் முன்பே சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

உள்ளே வருவோம். கேஸ் தோம்பில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். முன்னது காற்றைப் போல் ஒன்றரை மடங்கு கனம், பின்னது இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போகாது. தரையில் தண்ணீர் போல் தேங்கும். கேரவன் தரையில் ஓட்டைகள் வைத்திருப்பது அதற்காகத்தான். குளிர்காற்று போகிறதென்று அவற்றைத் துணியால் அடைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அடைக்காவிட்டாலும் குளவி மண்ணால் அடைத்துவிடும். நிற்கும் வண்டிக்கு இதுவும் ஒரு நோய். புறப்படும் முன் ஒவ்வொரு துளையிலும் கம்பி விட்டுப் பாருங்கள். இணைப்புகளில் சோப்பு நீர் தடவினால் கசிவு குமிழாகக் காட்டிக்கொடுக்கும். ஓடும்போது தோம்பின் வாயை மூடிவிட வேண்டும், தோம்பு எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். படுக்கப் போட்டால் ஆவிக்குப் பதில் திரவமே குழாயில் இறங்கும்; ஒரு லிட்டர் திரவம் 200 லிட்டருக்கு மேல் வாயுவாக விரியும்.

கேஸுக்காவது நாற்றம் சேர்த்திருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். மழை வந்துவிட்டதென்று கரி அடுப்பை உள்ளே இழுத்து வைப்பதும், ஜெனரேட்டரை ஜன்னலுக்குக் கீழே ஓடவிட்டுத் தூங்குவதும் கூடவே கூடாது.

மின்சாரத்தில் பலர் அறியாத ஒரு சங்கதி உண்டு. டிரேலர் நான்கு ரப்பர் டயர்களிலோ இரண்டிலோ நிற்கும் உலோகப் பெட்டி. மண்ணோடு அதற்குத் தொடர்பில்லை. முகாமில் 230 வோல்ட் கம்பி இழுத்து மாட்டியிருக்கும்போது, எலி கடித்த வயர் ஒன்று வண்டியின் உலோக உடம்பைத் தொட்டு, நிலக்கம்பியும் அறுந்திருந்தால், உள்ளே இருப்பவருக்கு எதுவும் தெரியாது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கதவைப் பிடிக்கும் பிள்ளைதான் மின்சாரம் மண்ணுக்குப் போகும் பாதை. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சை டிரேலரிலேயே பொருத்துங்கள். அதன் சோதனைப் பொத்தானை ஒவ்வொரு முறையும் அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழாத சுவிட்ச் வெறும் அலங்காரம்.

கடைசியாக, எங்கே நிறுத்துவது. கெடாவின் அழகான முகாம் இடங்கள் பல மலையடி ஆற்றோரங்களில் இருக்கின்றன. 2021 ஆகஸ்ட் 18-ஆம் தேதி ஜெராய் மலையிலிருந்து மரமும் பாறையுமாக வந்த நீர் யான் பகுதியைத் தாக்கி உயிர்களைப் பறித்தது. 2022 ஜூலை 4-ஆம் தேதி பாலிங் மாவட்டத்தின் கூப்பாங்கில் அதே போல் நடந்தது. கெப்பாலா ஆயர் என்று இங்கே சொல்லும் இந்தத் திடீர் வெள்ளத்துக்கு முகாமில் மழை பெய்ய வேண்டிய அவசியமில்லை. மலையில் பெய்தால் போதும். இந்நேரத்தில் டிரேலரின் கனம் நம்மைக் காக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 2 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளம் உள்ள அடிப்பகுதி 10 சென்டிமீட்டர் நீரில் மூழ்கினால் 800 கிலோ மேல்நோக்கித் தள்ளும். அதாவது தரைத்தட்டுக்கு மேல் ஒரு சாண்கூட நீர் ஏறுவதற்குள் முழு வண்டியும் மிதக்கத் தொடங்கிவிடும்.

ஆற்று நீர் திடீரென்று கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால் டிரேலரை மாட்டிக்கொண்டு போக நேரம் பார்க்காதீர்கள். ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். விட்டுவந்த வண்டியைப் பொறுத்தவரை, நம் நாட்டில் வாகனத்துக்கு எடுக்கும் சாதாரண முழுக் காப்புறுதி வெள்ளச் சேதத்தை ஏற்பதில்லை. அதைத் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். அடுத்த முறை காப்புறுதி புதுப்பிக்கும்போது காருக்கும் டிரேலருக்கும் சேர்த்து அதைக் கேட்டு வாங்குங்கள்.